ஐமேக்கில் கிராஃபிக்ஸ் கார்டு மாற்றலாமா?

கேள்வி: என்னிடம் 2011 மாடல் 27 அங்குல ஐமேக் இருக்கிறது. திரையில் கோடுகள் வருகின்றன. கிராஃபிக்ஸ் கார்டை மாற்ற முடியுமா? சூடு தாங்குமா?

பதில்: முடியும். இதில் கார்டு எம்எக்ஸ்எம் வகை, அதாவது மதர்போர்டிலிருந்து தனியாகக் கழற்றக்கூடியது. 2012-க்குப் பிந்தைய ஐமேக்குகளில் மதர்போர்டிலேயே பற்றவைத்திருப்பதால் அந்த வழியே கிடையாது.

பழைய கார்டு ரேடியான் 6970எம் என்றால், அதையே மறுபடி வாங்காதீர்கள். அது அதிகம் சூடாகும். 55 வாட்ஸ் மட்டுமே இழுக்கும் குவாட்ரோ கே2100எம் கார்டு போதும். ஐமேக்குக்கான பயாஸ் (கார்டை இயக்கத் தொடங்கும் உள்மென்பொருள்) ஏற்றிய கார்டாகக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் ஆப்பிள் சின்னம் வரும் தொடக்கத் திரை தெரியாது, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கவும் முடியாது.

முன்கண்ணாடி காந்தத்தில்தான் ஒட்டியிருக்கிறது. கண்ணாடியில் ஒட்டிப் பிடிக்கும் உறிஞ்சு கப்புகளால் இழுத்தால் வந்துவிடும். திரையை டி10 டார்க்ஸ் (நட்சத்திர முனை) திருப்புளியால் கழற்றி, மெதுவாகச் சாய்த்து, பின்னாலுள்ள மெல்லிய கேபிள்களை ஒவ்வொன்றாக எடுங்கள். அவசரத்தில் அறுபடுவது இவைதான்.

புதுக் கார்டின் நடுவிலுள்ள முக்கியச் சிப்பின் மேல் அரிசி அளவு தெர்மல் பேஸ்ட் (சூட்டைக் கடத்தும் பசை) வையுங்கள். மெமரி சிப்புகளுக்குப் பேஸ்ட் உதவாது, தெர்மல் பேட் (சூட்டைக் கடத்தும் மெத்தைத் துண்டு) வேண்டும். பேட் தடிமனாகிவிட்டால் ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) தூக்கிக்கொண்டு நடுச்சிப்பைத் தொடாது. புதுக் கார்டும் கொதிக்கும். மூடுவதற்கு முன் ஹீட்சிங்க் இடுக்கில் கம்பளிபோல் படிந்திருக்கும் தூசியையும் பிரஷ்ஷால் எடுத்துவிடுங்கள்.