காப்ரியைப் படகில் சுற்றும் ஒரு நாள்: கேள்வி பதில்

கேள்வி: ஒரே நாளில் படகு, நீச்சல், நிதானமான மதியச் சாப்பாடு மூன்றும் முடியுமா?

முடியும், நான்காவதாக எதையும் சேர்க்காமல் இருந்தால். காப்ரி இத்தாலியில் உள்ள ஒரு தீவு. நேப்பிள்ஸ் நகரிலிருந்து அங்கே வேகப்படகில் ஏறத்தாழ 50 நிமிடம். சொரெண்டோவிலிருந்து அதில் பாதி. மரீனா கிராந்தே துறையில் இறங்கியதும் மேலே ஊருக்குப் போகும் கூட்டத்தோடு வரிசையில் நின்றுவிட்டால் காலைப்பொழுது கரைந்துவிடும். அங்கேயே ‘கோஸோ’ எனப்படும் உள்ளூர் மரப்படகு ஒன்றைப் படகோட்டியோடு அமர்த்திக்கொள்ளுங்கள். இத்தாலியில் 40 குதிரைத்திறன் வரையுள்ள சிறு படகை உரிமம் இல்லாமலே ஓட்டலாம் என்றாலும், ஆகஸ்டில் பெரிய படகுகள் கிளப்பும் அலைகளுக்கு நடுவே முதல் பாடம் கற்க வேண்டாம்.

கேள்வி: நீலக் குகையைப் பார்க்காமல் வரலாமா?

வரிசை நீளமாக இருந்தால் தயங்காமல் விட்டுவிடுங்கள். குகையின் வாய் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமே இருப்பதால், சிறு துடுப்புப் படகுக்கு மாறி, அதன் அடித்தட்டில் மல்லாந்து படுத்துக்கொள்ள வேண்டும். படகோட்டி சுவரில் கட்டிய சங்கிலியைப் பிடித்து, அலை தாழும் கணத்தில் படகை உள்ளே இழுத்துவிடுவார். கடலுக்கு அடியிலுள்ள பெரிய திறப்பின் வழியே வரும் வெயிலில் செந்நிறத்தைத் தண்ணீர் விழுங்கிவிட, நீலம் மட்டும் மேலேறி வருகிறது. கையை நனைத்துப் பார்த்தால் வெள்ளி பூசியது போலிருக்கும். 1826இல் ஆகுஸ்ட் கோபிஷ் என்ற ஜெர்மானியர் இதற்குள் நீந்திப் போன பிறகே வெளியுலகம் இதை அறிந்தது என்றாலும், ரோமானியர்கள் இதை முன்பே அறிந்திருந்தார்கள். 1964இல் அடித்தரையிலிருந்து அவர்கள் காலத்துச் சிலைகள் எடுக்கப்பட்டன. இன்று உள்ளே நீந்தத் தடை உண்டு. வடமேற்குக் காற்று வீசினால் குகையையே மூடிவிடுவார்கள் என்பதால், அன்று காலை படகோட்டி சொல்வதே முடிவு.

கேள்வி: எனக்கு நீச்சல் சுமாராகத்தான் வரும். கடலில் இறங்கலாமா?

மிதவை உடுப்போடு, ஏணி உள்ள படகிலிருந்து இறங்கலாம். இந்தக் கடலில் லிட்டருக்கு ஏறத்தாழ 38 கிராம் உப்பு இருப்பதால் உடல் சற்று எளிதாக மிதக்கும். ஏற்றவற்றமும் மிகக் குறைவு. ஆனால் இங்கே மணற்கரையிலிருந்து மெல்ல ஆழமாகும் கடல் இல்லை. பாறையை விட்டுக் காலெடுத்ததும் கால் எட்டாத ஆழம்தான். வடக்கே காற்று இருக்கும் நாளில் தீவின் தென்புறத்து மரீனா பிக்கோலா துறைப் பக்கம் அமைதியாக இருக்கும். அங்கே கடலிலிருந்து எழுந்து நிற்கும் ஃபராலியோனி பாறைகளின் நிழல் தண்ணீரில் விழும் இடத்தில் பத்து நிமிடம் மிதந்து பார்த்தவர்கள் கடை வீதியைத் தேட மாட்டார்கள். (அவற்றில் கடைக்கோடிப் பாறையில் நீல நிறப் பல்லி இனம் ஒன்று வாழ்கிறது, படகிலிருந்து அதைப் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.)

கேள்வி: ஜெல்லிமீன் கொட்டினால்?

கடல்நீரால் மட்டும் கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றினாலோ தேய்த்தாலோ எரிச்சல் கூடும்.

கேள்வி: சைவம் சாப்பிடுபவர்களுக்கு என்ன கிடைக்கும்?

தக்காளி, மொட்சரெல்லா பாலாடைக்கட்டி, துளசி இனத்து இலை சேர்ந்த காப்ரேசே சாலட் இந்தத் தீவின் பெயரையே தாங்கியது. எதிர்க்கரையில் உள்ள நெரானோ என்ற ஊருக்குப் படகை விட்டால், பொரித்த சீமைச் சுரைக்காயும் ‘ப்ரோவலோனே தெல் மொனாகோ’ என்ற பாலாடைக்கட்டியும் குழைந்த ஸ்பகெட்டி கிடைக்கும். நங்கூரமிட்ட படகுக்கு உணவகத்தின் சிறு படகே வந்து அழைத்துப் போகும். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அந்தப் பாலாடைக்கட்டிக்குப் பாலைத் திரியவைக்க வெள்ளாட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைச் சேர்க்கிறார்கள். கண்டிப்பான சைவர்கள் வெறும் தக்காளிச் சாறு ஊற்றிய பாஸ்தாவைக் கேட்டு வாங்கலாம். மாவு சேர்க்காமல் பாதாமும் சாக்லேட்டும் கொண்டு செய்யும் காப்ரேசே கேக்கில் முட்டை உண்டு. ரசீதில் ‘கொப்பெர்த்தோ’ என்று தலைக்கு இவ்வளவு என இருப்பது மேசைக் கட்டணம், ஏமாற்று அல்ல.

கேள்வி: நீச்சல் முதலிலா, சாப்பாடு முதலிலா?

நீச்சல்தான். பிற்பகலில் காற்று எழுந்தால் தண்ணீர் கலங்கும். அப்போது கரையில் பனித்துண்டிட்ட எலுமிச்சைச் சாற்றோடு உட்கார்ந்திருப்பதில் இழப்பு ஒன்றுமில்லை. திரும்பும் வேகப்படகின் நேரத்தை மட்டும் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.