பாகு வேறு, மணம் வேறு: வாசகர்களின் சர்பத் கேள்விகள்

வெயில் ஏற ஏற சர்பத் கேள்விகளும் ஏறிவிட்டன. இந்த இதழில் முழுப் பக்கமும் அதற்கே. கேள்விகளைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

நாட்டு மருந்துக் கடையில் நன்னாரி வேர் வாங்கி, சர்க்கரையோடு சேர்த்து முக்கால் மணி நேரம் கொதிக்க வைத்தேன். வீடெல்லாம் கமகமவென்று மணந்தது. சர்பத்தில் வெறும் இனிப்புதான் இருக்கிறது. வேர் போலியா?
வாசகி, கோவில்பட்டி

வேர் நல்ல வேர்தான். வீடெல்லாம் மணந்தது என்கிறீர்களே, பாட்டிலுக்குள் போயிருக்க வேண்டிய மணம் அதுதான். நன்னாரியின் வாசனை ஆவியோடு சேர்ந்து எழும்பிப் போய்விடும். சர்க்கரைக்குக் கொதி வேண்டும், வேருக்குக் கொதி ஆகாது. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டால் ஒன்றுக்காக இன்னொன்றை இழப்போம். அதனால் பாகைத் தனியாகக் காய்ச்சுங்கள், மணத்தைத் தனியாக இறக்குங்கள், கடைசியில் சேருங்கள். இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

முதலில் வேரைக் கவனியுங்கள். மண் போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, நிழலில் ஈரம் உலரவிடுங்கள். உரலில் போட்டு லேசாகத் தட்டினால் மேல்பட்டை பிளந்து, நடுவில் இருக்கும் வெளிறிய நரம்பு தனியாகக் கழன்று வரும். மணம் முழுக்கப் பட்டையில்தான். நரம்பு வெறும் குச்சி, அதைத் தூக்கிப் போட்டுவிடலாம். மதுரையில் என் மாமியார் இந்த வேலையை மட்டும் யாரிடமும் விடமாட்டார். ஒவ்வொரு துண்டையும் விரலால் பிதுக்கிப் பார்த்து, நரம்பு போய்விட்டதா என்று உறுதி செய்துகொண்டுதான் அடுத்ததை எடுப்பார். மிக்சியில் பொடியாக்கிவிட்டால் நரம்பும் சேர்ந்து அரைபட்டு, சர்பத்தில் மரத்தூள் மாதிரி ஒரு சுவை வரும்.

அளவு இது: தட்டிய பட்டை 50 கிராம். 300 மில்லி தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்த பிறகு பட்டையின் மேல் ஊற்றி, இறுக்கமாக மூடி இரவு முழுக்க விடுங்கள். காலையில் மல் துணியில் வடிகட்டிப் பிழிந்தால் 200 மில்லி அளவுக்குச் சாறு கிடைக்கும். இன்னொரு பாத்திரத்தில் 750 கிராம் சர்க்கரை, 250 மில்லி தண்ணீர். கொதி வந்ததும் ஒரு கரண்டி பால் விட்டால் அழுக்கு நுரையாகத் திரண்டு மேலே வரும், எடுத்துவிடுங்கள். அப்புறம் ஐந்தாறு சொட்டு எலுமிச்சைச் சாறு. ஒற்றைக் கம்பிப் பதம் (இரு விரலுக்கு நடுவே ஒரே இழையாக இழுபடும் பதம்) வந்ததும் அணைத்து, பத்து நிமிடம் ஆறவிட்டு நன்னாரிச் சாற்றை ஊற்றிக் கலக்கி மூடிவிடுங்கள். ஒரு டம்ளருக்கு இரண்டு மேசைக்கரண்டி, அரை மூடி எலுமிச்சை, மீதி பானைத் தண்ணீர்.

கடை பாட்டிலைப் போலக் கருஞ்சிவப்பாக வரவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேர் தரும் நிறம் வெளிர் பழுப்புதான். கருமை வேண்டுமென்றால் இரண்டு கரண்டி சர்க்கரையை வெறும் வாணலியில் கருக உருக்கி, கொஞ்சம் வெந்நீர் விட்டுச் சேர்க்கலாம். நான் சேர்ப்பதில்லை.

மாகாளிக் கிழங்கு ஊறுகாய் போடும்போது நன்னாரி வாசனை அடிக்கிறது. இரண்டும் ஒன்றா?
வாசகர், கும்பகோணம்

வேறு வேறு கொடிகள், மணம் ஒன்று. இரண்டிலும் அந்த வாசனைக்குக் காரணம் ஒரே வேதிப்பொருள். வெனிலாவுக்கு மணம் தரும் வெனிலினுக்கு அது மிக நெருங்கிய சொந்தம்: அதே அணுக்கள், அதே எண்ணிக்கை, அடுக்கில் மட்டும் மாற்றம். மாகாளி தடித்த சதைக் கிழங்கு, நன்னாரி கயிறு போன்ற மெல்லிய வேர். நன்னாரி என்ற பெயரில் மாகாளி வேரை விற்பதும் நடக்கிறது. விரல் தடிமனில், சதைப்பற்றாக இருந்தால் அது மாகாளிதான். அதிலும் சர்பத் போடலாம், மணம் தூக்கலாகவே இருக்கும். ஆனால் நன்னாரியின் விலையைக் கொடுத்து வாங்காதீர்கள்.

ரோஜா சர்பத் வீட்டிலேயே செய்தேன். தண்ணீரில் அருமை. பாலில் ஊற்றியதும் திரிந்துவிட்டது. பால் பழையதும் இல்லை.
வாசகி, திண்டுக்கல்

நிறம் எடுப்பாக இருக்கட்டும் என்று எலுமிச்சை தாராளமாகப் பிழிந்திருப்பீர்கள். இதழின் சிவப்பு புளிப்புப் பட்டால்தான் பளிச்சென்று மாறும், அது உண்மை. அதே புளிப்புதான் பாலைத் திரித்தது. பாகு முறியாமல், அதாவது கற்கண்டாக இறுகாமல், இருக்க விடும் ஐந்தாறு சொட்டு எலுமிச்சையால் ஒன்றும் ஆகாது. பழம் பழமாகப் பிழிந்தால் பாலுக்கு அந்த பாட்டில் ஆகாது. அதனால் பாகைப் புளிப்பில்லாமல் வைத்துக்கொண்டு, தண்ணீரில் கலக்கும்போது டம்ளரில் மட்டும் எலுமிச்சை பிழிவது நல்லது. ஜிகர்தண்டாவுக்கு ஊற்றும் நன்னாரிப் பாகுக்கும் இதே கணக்குதான்.

ரோஜா பற்றி இன்னொன்று. மாலைக்கும் பூங்கொத்துக்கும் வரும் ரோஜா வேண்டாம். பூச்சிமருந்து அடித்திருப்பார்கள், மணமும் இருக்காது. வீட்டில் வளர்ந்த பன்னீர் ரோஜா, விடிகாலையில் பறித்தது, இதழ் மட்டும். இதழின் அடியில் இருக்கும் வெள்ளை நுனி கசக்கும், கிள்ளிவிடுங்கள். வெந்நீர் ஊற்றி மூடி வைப்பது நன்னாரியைப் போலத்தான். இரவு முழுக்க வேண்டாம், இரண்டு மணி நேரம் போதும்.

இஞ்சி சர்பத் கலங்கலாக வருகிறது. பாட்டிலின் அடியில் வெள்ளையாக மாவு படிகிறது.
வாசகர், தாராபுரம்

இஞ்சியை இடித்துப் பிழிந்த சாற்றை உடனே பாகில் ஊற்றியிருப்பீர்கள். சாற்றை ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி ஆடாமல் அசையாமல் அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். அடியில் வெண்ணிறமாக ஒரு படிவு கட்டியாக உட்காரும். வீட்டுப் பெரியவர்கள் அதை இஞ்சிச் சுண்ணாம்பு என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். பெரும்பாலும் அது இஞ்சியின் மாவுச்சத்து. சூடான பாகில் பட்டால் கஞ்சியாகிக் கலங்கும். மேலே தெளிந்ததை மட்டும் மெதுவாக இறுத்து எடுங்கள்.

இஞ்சியை எப்போது சேர்ப்பது என்பது உங்களுக்கு எந்தக் காரம் வேண்டும் என்பதைப் பொறுத்தது. பச்சை இஞ்சியின் சுரீர் காரம் கொதித்தால் மென்மையாகி இனிப்பு வாடை வரும். சோடாவில் கலக்க சுரீர்தான் வேண்டும், அதனால் ஆறிய பாகில் சேருங்கள். மழைக்கால இரவில் வெந்நீரில் கலந்து குடிக்க என்றால் பாகோடு சேர்த்து ஒரு கொதி விடலாம்.

பாகு ஒரு தடவை கற்கண்டாக இறுகிவிடுகிறது, மறு தடவை பூசணம் பிடிக்கிறது. சரியான பக்குவம் என்ன?
வாசகி, நாகர்கோவில்

நம் ஊர் வெப்பத்தில் ஒரு பங்கு தண்ணீர் ஏறக்குறைய இரண்டு பங்கு சர்க்கரையைத்தான் தாங்கும். அதற்கு மேல் போனால் மிச்சம் கற்கண்டாக வெளியே வந்தே தீரும். மிகவும் குறைத்தால் பூசணத்துக்கும் புளிப்புக்கும் இடம் கொடுக்கிறோம். சாறெல்லாம் கலந்த பிறகு எடையில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரையாக இருக்க வேண்டும். மேலே சொன்ன நன்னாரி அளவு அப்படித்தான் வரும். எலுமிச்சையின் புளிப்பு கொதிக்கும் சூட்டில் சர்க்கரையைக் கொஞ்சம் உடைத்துவிடுவதால் பாகு எளிதில் முறியாது. பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சர்க்கரை மணிகளையும் ஈரத் துணியால் வழித்துவிடுங்கள். ஒரு மணி விழுந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு மற்றது இறுக ஆரம்பிக்கும்.

பூசணம் எங்கே வருகிறது என்று கவனித்தீர்களா? பாட்டில் கழுத்தில். சூடான பாகை ஊற்றி உடனே மூடினால் ஆவி மூடியில் வியர்த்துச் சொட்டி, மேல்மட்டத்தில் மட்டும் பாகு நீர்த்துவிடும். பாட்டிலைக் கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு, சொட்டு ஈரமில்லாமல் காயவைத்து, பாகு முழுக்க ஆறிய பிறகு ஊற்றி மூடுங்கள். பூசணம் பிடித்ததை மேலாக எடுத்துவிட்டுக் குடிக்கக் கூடாது, முழுவதையும் கொட்டிவிட வேண்டும். குமிழ் விட்டால் நொதிக்கிறது என்று அர்த்தம். கண்ணாடி பாட்டிலை இறுக்கி மூடி வைத்திருந்தால் வெடிக்கவும் கூடும், ஜாக்கிரதை.

எலுமிச்சை சோடா போட்டால் பாதி டம்ளர் பொங்கி வழிந்துவிடுகிறது. மீதியில் காரம் இல்லை.
வாசகர், வேலூர்

உப்பைக் கடைசியில் போடுகிறீர்கள். சோடாவில் அடங்கியிருக்கும் வாயு உப்புக் கல்லைக் கண்டதும் அதன் மேல் குமிழாகக் கட்டி வெளியே பாயும். முதலில் எலுமிச்சைச் சாறு, உப்பு, பாகு மூன்றையும் டம்ளரில் போட்டு உப்பு கரையும்வரை கலக்குங்கள். பிறகு டம்ளரைச் சாய்த்துப் பிடித்து, நன்றாகக் குளிர்ந்த சோடாவை ஓரமாக இறக்குங்கள். ஒரே ஒரு சுற்று கலக்கினால் போதும். குளிர்ந்த நீரில்தான் வாயு தங்கும், வெயிலில் கிடந்த சோடாவை ஐஸ் போட்டுச் சரிசெய்ய முடியாது.

கிடைத்தால் கோலி சோடா வாங்குங்கள். இங்கிலாந்தின் ஹிராம் காட் 1870களில் வடிவமைத்த பாட்டில் அது. உள்ளே இருக்கும் வாயுவே கோலியைக் கழுத்து ரப்பர் வளையத்தில் அழுத்தி மூடிக்கொள்கிறது. கோலி இறுக்கமாக நின்றால் வாயு இருக்கிறது என்று நம்பலாம். உடைத்ததும் குடித்துவிட வேண்டும், மிச்சம் வைக்க வழியில்லாத சோடா அது.

ஊரிலிருந்து நன்னாரிப் பாகு கொண்டுவந்திருக்கிறேன். நண்பர்கள் கூடும்போது காக்டெயிலில் சேர்க்கலாமா? குடிக்காதவர்களுக்கும் ஏதாவது சொல்லுங்கள்.
வாசகர், சிங்கப்பூர்

சேர்க்கலாம். நன்னாரிக்கு ஏற்றது டார்க் ரம். ஓக் பீப்பாயில் கிடந்து பழகிய ரம்மில் மரத்திலிருந்து வெனிலின் இறங்கியிருக்கும். மேலே சொன்ன அந்தச் சொந்தம் இங்கே வேலை செய்யும். 50 மில்லி ரம், 20 மில்லி எலுமிச்சைச் சாறு, 15 மில்லி பாகு, நிறைய ஐஸ். மூடி போட்டு நன்றாகக் குலுக்கி வடிகட்டுங்கள். மதுக்கூடங்களில் சர்க்கரையும் தண்ணீரும் சமமாகக் கரைத்த பாகு வைத்திருப்பார்கள். நம்முடையது அதைவிடக் கெட்டி, அதனால் அவர்கள் சொல்லும் அளவில் முக்கால் பங்கு போதும்.

இஞ்சிப் பாகும் ரம்மோடு போகும், மேலே சோடா விட்டுக்கொள்ளுங்கள். ரோஜாப் பாகை ஜின்னோடு சேர்ப்பதானால் ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம், குளிக்கும் சோப்பு வாடை வந்துவிடும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: இனிப்பும் புளிப்பும் சேர்ந்தால் மதுவின் வீரியம் நாக்குக்குத் தெரியாது. கண்ணளவில் ஊற்றாமல் அளந்து ஊற்றுங்கள். வண்டி ஓட்ட வேண்டியவருக்கு இது கிடையாது.

குடிக்காதவர்களுக்கு ரம் இருக்கும் இடத்தில் ஆறிய கடும் டீ டிகாஷனை ஊற்றுங்கள். டீயின் துவர்ப்பு இனிப்பை இழுத்துப் பிடிக்கும், வெறும் சர்பத் குடித்த மாதிரி இருக்காது. அதே எலுமிச்சை, அதே பாகு, அதே குலுக்கல். அவர்கள் கையிலும் மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே கண்ணாடிக் கோப்பையைக் கொடுங்கள்.

வெயில் முடிந்தால் சர்பத்தும் முடிந்ததா? மற்ற பருவங்களில் என்ன போடலாம்?
வாசகி, சேலம்

முடியாது. பங்குனி, சித்திரையில் மாங்காய், மார்கழி, தையில் நெல்லிக்காய். இவை எல்லாருக்கும் தெரியும். நான் வருடம் முழுக்கக் காத்திருப்பது ஆனி, ஆடியில் வரும் நாவல் பழத்துக்குத்தான்.

நன்கு பழுத்து, தொட்டால் கை கறுக்கும் பழமாக ஒரு கிலோ. கால் டம்ளர் தண்ணீர் விட்டு, சிறு தீயில் மூடி வையுங்கள். சதை கொட்டையை விட்டுக் கழன்றதும் இறக்கி, ஆறியதும் கையால் பிசைந்து துணியில் பிழியுங்கள். மிக்சி பக்கமே போகாதீர்கள், கொட்டை உடைந்தால் கசப்பு. இரும்பு வாணலியும் கூடாது, துவர்ப்பு இரும்போடு சேர்ந்து சாற்றைக் கறுப்பாக்கும். சாறு எவ்வளவோ அதைப் போல ஒன்றரை மடங்கு சர்க்கரை. கரையும்வரை மட்டும் சூடாக்கினால் போதும். இது பழச்சாறு என்பதால் வெளியே வைக்காமல் ஃபிரிட்ஜில் வைத்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

குடிக்கும்போது டம்ளரில் பாகை ஊற்றி, எலுமிச்சை பிழிந்து பாருங்கள். கருநீலமாக இருந்தது உங்கள் கண் முன்னாலேயே மாணிக்கச் சிவப்பாக மாறும். பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பிழியச் சொல்லுங்கள். பிறகு ஒரு சிட்டிகை உப்பு, குளிர்ந்த சோடா. நாக்கு ஊதாவாகிவிடும், வெள்ளைச் சட்டை போட்டிருந்தால் கொஞ்சம் தள்ளி நின்று குடிக்கச் சொல்லுங்கள்.