வெனிஸைத் தேடி சேத்துக்குப் போனால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

துலூஸில் வேலைக்கு வந்து இது இரண்டாவது வருடம். உங்கள் தென் பிரான்ஸ் கட்டுரைகளில் சேத் நகரத்தை அப்படிப் புகழ்ந்திருந்தீர்கள். அதை நம்பி மே மாதம் ஒரு சனிக்கிழமை போய்வந்தேன். 'லாங்தோக்கின் வெனிஸ்' என்று விளம்பரமெல்லாம் சொல்கிறது. வெனிஸையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஏமாற்றம்தான். கால்வாயின் இரு கரையிலும் கார்கள். டீசல் நாற்றம். துருவேறிய மீன்பிடிப் படகுகள் சும்மா கட்டிக் கிடக்கின்றன. கவிஞர் போல் வலேரியின் கல்லறை அங்கே இருக்கிறது என்பதற்காகத்தான் எழுத்தாளர்கள் அந்த ஊரைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறீர்களா?

ஆகஸ்ட் கடைசியில் அப்பாவும் அம்மாவும் மதுரையிலிருந்து வருகிறார்கள். அம்மா சைவம். அப்பாவுக்கு முழங்கால் வலி. அவர்களைக் கார்கசோன் கோட்டைக்கு அழைத்துப் போகலாம் என்று நினைத்திருக்கிறேன். சேத்தைத்தான் காட்ட வேண்டும் என்று இப்போதும் சொல்வீர்களா?

ம., துலூஸ்

அன்புள்ள ம.,

சொல்வேன். ஆனால் நீங்கள் அடுக்கிய குறை ஒன்றையும் மறுக்கப் போவதில்லை. கார்கள் இருக்கின்றன, டீசல் இருக்கிறது, துரு நிறையவே இருக்கிறது. கோடையில் அந்தக் கரைத் தெருக்களில் கார் ஓட்டிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கும்.

வெனிஸ் என்ற பட்டம் சுற்றுலாக்காரர்கள் கொடுத்தது. அதை மனதில் வைத்துக்கொண்டு போனால் கண் மாளிகையைத் தேடும். சேத்தில் மாளிகை கிடையாது. கால்வாயோரமாக நிற்பவை ஒயின் வியாபாரிகளும் மீன் வியாபாரிகளும் கட்டிய நாலைந்து மாடி வீடுகள். பிரான்சில் ஆயிரம், இரண்டாயிரம் ஆண்டுப் பழமை பேசும் ஊர்களுக்கு நடுவில் இது பொடிப்பயல். பிறந்த தேதியே தெரியும்: 1666 ஜூலை 29. அன்றுதான் துறைமுகத்தின் அலைதாங்கிச் சுவருக்கு முதல் கல் போட்டார்கள்.

அதற்குக் காரணம் மணல். லாங்தோக் கடற்கரையில் ரோன் நதி கொண்டுவந்து கொட்டும் வண்டலைக் கடல் நீரோட்டம் மேற்கே இழுத்துப் போய்க்கொண்டே இருக்கும். எந்தத் துறைமுகம் கட்டினாலும் சில தலைமுறைகளில் தூர்ந்துபோகும். எக் மோர்த் என்ற கோட்டை ஊரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒன்பதாம் லூயி மன்னர் 1248இல் சிலுவைப்போருக்குக் கப்பலேறியது அங்கிருந்துதான். இன்று மதில்மேல் ஏறி நின்றால் கடல் கிலோமீட்டர் கணக்கில் தள்ளியிருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேருக்கு மத்தியதரைக் கடலில் ஒரு நல்ல வாசல் தேவைப்பட்டது. உங்கள் துலூஸிலிருந்து 240 கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டுகிறேன் என்று உப்பு வரி வசூலித்துவந்த பியேர் போல் ரிக்கே ஒப்பந்தம் எடுத்திருந்தார். அந்தக் கால்வாய் எங்கே போய் முடிவது? மணல் கரையில் பாறைக் குன்று என்று சொல்லத்தக்கது மிகச் சிலதான். அதில் ஒன்று சேன் கிளேர். சுவர் கட்டக் கல்லும் அங்கேயே கிடைக்கும். எனவே அதன் அடிவாரத்தில் துறைமுகம். (இதே கோல்பேர்தான் இதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1664இல், பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியையும் தொடங்கிவைத்தவர். புதுச்சேரி அந்த வழியில் வந்ததே.) பிறகு துறைமுக வேலையும் ரிக்கேயின் தலையில்தான் விழுந்தது. கைக்காசையும் போட்டு, கடன்பட்டு, 1680 அக்டோபரில் செத்துப்போனார் மனிதர். கால்வாய் திறந்தது அடுத்த வருடம் மே மாதம். நீங்கள் துலூஸில் மாலை நடை போகும் அந்தப் பிளேன் மரக் கரையின் மறுமுனைதான் இந்த ஊர்ப் பக்கம். அந்த முறையிலாவது சேத் உங்களுக்கு உறவு.

இனி கால்வாய்களுக்கு வருவோம். குன்றுக்கு ஒருபுறம் கடல். மறுபுறம் தோ என்ற பெரிய உப்புநீர்க் காயல், நீளம் இருபது கிலோமீட்டருக்கு மேல். துலூஸ் கால்வாய் வந்து சேர்வது அந்தக் காயலின் மேற்கு முனையில். அங்கிருந்து படகுகள் காயலைக் குறுக்கே கடந்து சேத்துக்கு வர வேண்டும். கிழக்கிலிருந்து ரோன் நதிக் கால்வாயும் இங்கேதான் வருகிறது. இவற்றையெல்லாம் கடலோடு சேர்க்க ஊருக்குள் வெட்டிய வழிகள்தாம் நீங்கள் பார்த்த கால்வாய்கள். அழகுக்கு வெட்டியதல்ல. அவற்றில் தண்ணீர் ஒரே பக்கமாக ஓடாது. வடமேற்குக் காற்று பலமாக அடித்தால் காயல் நீர் கடலுக்குப் போகும், கடல் காற்று அடித்தால் கடல் உள்ளே வரும். பாலத்தில் சாய்ந்து பத்து நிமிடம் தண்ணீரைப் பார்த்தாலே எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும். பெரிய படகுகளுக்காகப் பாலங்களைத் திறக்கும்போது ஊரே நின்று காத்திருக்கும். அவசரக்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள். அடித்து என்ன ஆகப்போகிறது?

இந்த வழி மீனுக்கும் வழி. கோடை முழுக்கக் காயலில் மேய்ந்து கொழுத்த டொராட் மீன்கள், செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ முதல் குளிர் விழுந்ததும் கூட்டமாகக் கடலுக்குத் திரும்பும். நெற்றியில் இரண்டு கண்ணுக்கும் நடுவில் தங்கப் பட்டை போட்ட மீன் அது. திரும்ப இந்தக் கால்வாய்களைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அந்த நாட்களில் கரையில் தோளோடு தோள் உரசிக்கொண்டு தூண்டில்காரர்கள் நிற்பார்கள். ரயில் நிலையத்துக்குப் பின்னால் காயல் ஓரமாக இருக்கும் புவாந்த் கூர்த் மீனவர் குடியிருப்பில் இன்னும் மோசம். தூண்டில் நூல்கள் ஒன்றோடொன்று சிக்கி, திட்டு கிளம்பி, அதே வாயால் சிகரெட்டும் கடன் கேட்டுக்கொள்வார்கள்.

நீங்கள் போனது சனிக்கிழமை. இழுவைமடிப் படகுகள் வாரக் கடைசியில் கடலுக்குப் போவதில்லை. அதனால்தான் சும்மா கட்டிக் கிடந்தன. வார நாளில் போயிருந்தால், விடியுமுன் கிளம்பிய படகுகள் பிற்பகல் மூன்று, நான்கு மணிவாக்கில் ஒவ்வொன்றாகத் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு படகுக்குப் பின்னாலும் ஒரு கடற்காகக் கூட்டம். படகு கரையைத் தொடுவதற்குள் மீனைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கிவிடுவார்கள். பெட்டி இறங்கியதும் நேரே ஏலக்கூடத்துக்குப் போகும். இப்போது ஏலம் கத்துவதில்லை. மீன் பெட்டிகள் உருளைப் பாதையில் நகர, வியாபாரிகள் பொத்தானை அழுத்தி எடுக்கிறார்கள், அவ்வளவுதான். சத்தமெல்லாம் வெளியே கடற்காகங்களிடம்.

காயலில் சிப்பி வளர்ப்பு நடக்கிறது. எதிர்க்கரையில் இருக்கும் பூசிக் கிராமத்தின் பெயரில் அந்தச் சிப்பி விலை போகிறது. அட்லாண்டிக் கரையில் அலை ஏற்றவற்றம் உண்டு, நீர் இறங்கும்போது சிப்பி மூட்டைகளைக் கையாலேயே எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். மத்தியதரைக் கடலில் ஏற்றவற்றம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. அதனால் தோ காயல்காரர்கள் வேறு வழி பிடித்தார்கள். குட்டிச் சிப்பிகளை எடுத்து ஒரு சொட்டு சிமெண்ட் வைத்துக் கயிற்றில் ஒட்டுகிறார்கள். சிமெண்ட் என்றால் வீடு கட்டும் சிமெண்ட்தான். காய்ந்ததும் கயிறுகளை நீருக்குள் நட்ட இரும்புச் சட்டங்களில் தொங்கவிடுகிறார்கள். ஒட்டுகிறவர்களின் விரல் வேகத்தைப் பார்த்தால் பீடி சுற்றுகிறவர்கள் தோற்றுப்போவார்கள். கோடையில் காற்றே இல்லாமல் வெயில் நீண்டுவிட்டால் தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்து, சிப்பிகள் மொத்தமாகச் செத்துப்போகும். 2018இல் அப்படி நடந்தது.

இனி வலேரி. அவர் இருப்பதால் சேத் எனக்குப் பிடிக்கிறதா என்றால், இல்லை. அவர் 1871இல் அங்கே பிறந்தார், 1945இல் பாரிஸில் இறந்தபோது குன்றுச்சரிவில் கடலைப் பார்த்த கல்லறைத் தோட்டத்தில் கொண்டுவந்து புதைத்தார்கள். அவருடைய 1920 கவிதையின் பெயரையே அந்த இடத்துக்கும் சூட்டிவிட்டார்கள். கடலை ஒரு கூரையாகவும், பாய்மரங்களை அதன்மேல் நடக்கும் புறாக்களாகவும் பார்ப்பதில் தொடங்கும் கவிதை. அங்கே நின்று பார்த்தால் மனிதர் கற்பனை செய்யவில்லை, கண்டதைத்தான் எழுதியிருக்கிறார் என்று தோன்றும். அவினியோன் நாடக விழாவை 1947இல் தொடங்கிய ழான் விலாரும் சேத்காரர், அதே தோட்டத்தில்தான் இருக்கிறார்.

ஆனால் ஊர் சொந்தம் கொண்டாடுவது பாடகர் ஜோர்ஜ் பிரசான்ஸை. கொத்தனார் மகன், 1921இல் பிறந்தவர். தன்னைச் சேத் கடற்கரை மணலில் புதைக்கச் சொல்லி ஒரு நீண்ட பாட்டே எழுதினார். அதில் வலேரிக்கு மரியாதையாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கவிதையில் நீங்கள் பெரியவர், கல்லறையிலாவது நான் கடலுக்கு உங்களைவிடக் கிட்டே இருக்கிறேன் என்று கேலியும் செய்வார். 1981இல் அவர் இறந்தபோது கிடைத்த இடம் குன்றின் மறுபக்கம், காயலைப் பார்த்த ல பி கல்லறைத் தோட்டம். ஏழைகளின் கல்லறை என்று பேர்பெற்ற இடம் அது. வலேரி, பிரசான்ஸ் இரண்டு பேருக்கும் தாய்வழி இத்தாலி. அந்த ஊரில் யாரைச் சுரண்டினாலும் இரண்டு தலைமுறைக்குள் ஒரு இத்தாலிய மீனவர் வருவார். நாப்போலிக்கு வடக்கே இருக்கும் கயேத்தாவிலிருந்து கூட்டமாக வந்து குடியேறியவர்கள்.

போனவர்களும் உண்டு. 1939 மே மாதம் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தோற்ற குடியரசு அகதிகளை ஏற்றிக்கொண்டு சினாயா என்ற கப்பல் இங்கிருந்து மெக்சிகோவுக்குப் புறப்பட்டது. 1947 ஜூலையில் எக்ஸோடஸ் என்ற கப்பல் இனப்படுகொலையில் தப்பிய யூதர்கள் சுமார் 4,500 பேருடன் பாலஸ்தீனத்தை நோக்கிக் கிளம்பியது. பிரிட்டிஷார் மறித்துத் திருப்பியனுப்பினார்கள். திரைப்பட இயக்குநர் ஆக்னஸ் வர்தாவின் குடும்பம் 1940இல் பெல்ஜியத்திலிருந்து ஓடிவந்து சேத் கால்வாயில் ஒரு படகில் குடியிருந்தது. அவர் பின்னாளில் தன் முதல் படத்தை எடுத்தது நான் மேலே சொன்ன அந்த மீனவர் குடியிருப்பில்தான், அங்கே இருந்தவர்களையும் நடிக்க வைத்து. நீங்கள் டீசல் நாற்றம் என்று எழுதிய கரைகள்தாம் இவை.

சரி, அப்பா அம்மா விஷயம். ஆகஸ்ட் கடைசி என்கிறீர்கள், இதைவிட நல்ல நேரம் கிடையாது. ஆகஸ்ட் 25ஐ ஒட்டி ஊரில் சேன் லூயித் திருவிழா. திங்கட்கிழமை பிற்பகல் நடுக் கால்வாயில் பெரிய ஈட்டிப் போட்டி, எடை மிகுந்த வீரர்களுக்கானது. துறைமுகத்துக்குக் கல் போட்ட அன்றே இந்த விளையாட்டும் நடந்திருக்கிறது. ஒன்று சிவப்பு, ஒன்று நீலம் என்று இரண்டு கனத்த படகுகள். முன்பு நீலம் கல்யாணமாகாதவர்களுக்கு, சிவப்பு ஆனவர்களுக்கு. ஒவ்வொன்றின் பின்முனையிலும் சாய்வாக மேலேறும் மரச்சட்டம், அதன் நுனியில் நீர்மட்டத்திலிருந்து மூன்று மீட்டர் உயரத்தில் ஒரு சின்ன மேடை. வெள்ளை உடையில் வீரர் அதில் நிற்பார். இடது கையில் மரக்கேடயம், வலது கையில் மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான ஈட்டி. படகின் முன்பக்கம் ஒருவர் ஓபோ ஊத, ஒருவர் பறை தட்ட, துடுப்புக்காரர்கள் வேகம் கூட்டி எதிரெதிரே வருவார்கள். ஈட்டி கேடயத்தில் மோதும் சத்தம் மரத்தில் மரம் இடிக்கும் மொட்டைச் சத்தம், கரையின் கடைசி வரிசைவரை கேட்கும். ஒரு கணம் இருவரும் ஈட்டிகளின் பலத்தில் முன்சாய்ந்து நிற்பார்கள். பிறகு நூறு கிலோ ஆள் ஒருவர் ஈட்டி, கேடயம் சகிதமாகத் தண்ணீரில். நீந்தி வந்து படகைப் பிடிக்கும்வரை கைத்தட்டல் நிற்காது.

அப்பாவுக்கு இதை விளக்க வேண்டியிருக்காது. அழகர் ஆற்றில் இறங்குவதற்கு வைகைக் கரையில் விடியுமுன் இடம் பிடித்த ஊர்க்காரர் அவர். அதே புத்தியோடு மதியத்துக்கு முன்பே போய்க் கரையில் உட்கார்ந்துவிடுங்கள். முழங்காலோடு குன்று ஏற வேண்டாம், உச்சிக்குப் பேருந்து போகிறது. ரயில் நிலையத்திலிருந்து நடு ஊருக்குக் கால்வாயோரமாகவே நடக்கலாம், சமதளம். திருவிழா வாரத்தில் சேத்தில் அறை கிடைப்பது கஷ்டம். மோன்பெலியேயில் தங்கிக்கொண்டு ரயிலில் போய்வாருங்கள், இருபது நிமிடம்தான்.

சாப்பாடுதான் அம்மாவுக்குச் சிக்கல். ஊரின் பெருமை தியெல். உள்ளங்கை அளவு வட்டப் பணியாரம், தக்காளியும் மிளகாயும் போட்ட பேய்க்கணவாய்ப் பூரணம், ஓரத்தை மடித்து மடித்து மூடியிருப்பார்கள், எண்ணெய் வடிந்து மேல்மாவு சிவந்திருக்கும். வெதுவெதுப்பாகக் கையில் வைத்தே தின்ன வேண்டும். நீங்களும் அப்பாவும் அம்மா பார்க்காத பக்கம் திரும்பி நின்று சாப்பிடுங்கள். இனிப்பாவது வாங்கித் தரலாம் என்று ஸெஸெத் பிஸ்கட் பொட்டலத்தைத் தூக்கிவிடாதீர்கள். முட்டை இல்லை, வெண்ணெய் இல்லை, ஆனால் மாவை ஒயின் விட்டுப் பிசைகிறார்கள். மூடிய சந்தைக்குள் போனால் பீச், அத்தி, ஆலிவ், ஆட்டுப்பால் சீஸ், நல்ல ரொட்டி எல்லாம் உண்டு. வீட்டிலிருந்து புளியோதரை கட்டிக்கொண்டு போனாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், கால்வாயோரத்தில் எல்லாருமே எதையாவது பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருப்பார்கள்.

கார்கசோன் துலூஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள், வேறு எந்த ஞாயிற்றுக்கிழமையும் போகலாம். நீங்கள் மட்டும் அக்டோபரில் ஒரு வார நாள் லீவு போட்டுவிட்டு இன்னொரு முறை சேத் போய், டொராட் இறங்குவதையும் படகு திரும்புவதையும் பாருங்கள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் எழுதுங்கள், அந்தக் கடிதத்தையும் இங்கே போடுகிறேன். ஆகஸ்டுக்கு இரண்டு தொப்பி வாங்கி வையுங்கள். போட்டி முடிய மாலையாகிவிடும், நடுக் கால்வாய்க் கரையில் நிழல் அதிகம் கிடையாது.