மலைப்பாதை சைக்கிளுக்குத் தண்ணீர்ப் பை: தோளும் கழுத்தும் வலிக்காமல் எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேட்டவர் கோத்தகிரிக்காரர். வார இறுதிகளில் மூன்று, நான்கு மணி நேரம் தேயிலைத் தோட்டப் பாதைகளில் மவுன்டன் பைக் ஓட்டுகிறார். சாதாரண முதுகுப் பையில் பாட்டிலைப் போட்டுக்கொண்டு போனால் இறக்கத்தில் பை மேலேறி ஹெல்மெட்டில் இடிக்கிறதாம். வீடு திரும்பும்போது கழுத்தும் தோளும் வலிக்கின்றனவாம். ட்யூப் வைத்த தண்ணீர்ப் பை வாங்கினால் சரியாகுமா, எத்தனை லிட்டர் வாங்குவது என்று கேட்டிருக்கிறார்.

சரியாகும். ஆனால் லிட்டரை வைத்துத் தேட ஆரம்பித்தால் புதுப் பையிலும் அதே வலிதான் வரும். கடையில் காலிப் பையை நிமிர்ந்து நின்று மாட்டிப் பார்த்து, 'நல்லாத்தான் இருக்கு' என்று வாங்கிவிடுகிறோம். சைக்கிளில் பை காலியாகவும் இருக்காது, நீங்கள் நிமிர்ந்தும் இருக்க மாட்டீர்கள். செங்குத்தான இறக்கத்தில் முதுகு கிட்டத்தட்ட மேசை மாதிரி படுத்துவிடும், அந்த மேசையும் தலைப் பக்கமாகச் சாய்ந்திருக்கும். இரண்டு லிட்டர் என்றால் இரண்டு கிலோ. அது அந்தச் சரிவில் கழுத்தைப் பார்த்து வழுக்கிக்கொண்டே வரும். அதைப் பிடித்து நிறுத்துவது இடுப்பு வாரும் மார்பு வாரும் மட்டுமே. உங்கள் பழைய பையில் இரண்டுமே இருந்திருக்காது.

முதலில் முதுகை அளந்துகொள்ளுங்கள். தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஒரு எலும்பு முண்டு கையில் தட்டுப்படும். அது மேல் புள்ளி. இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் வைத்து, கட்டை விரல்களைப் பின்பக்கம் நீட்டினால் அவை சந்திக்கும் கோடு கீழ்ப் புள்ளி. இடையில் உள்ள தூரத்தை வீட்டில் யாரையாவது டேப் பிடிக்கச் சொல்லி, முதுகு வளைவோடு ஒட்டி அளக்க வேண்டும். மலையேற்றப் பைகளில் இந்த அளவுக்குச் சமமான முதுகுப் பகுதியைத் தேடுவார்கள். சைக்கிளுக்கு அதைவிட நாலைந்து செ.மீ. குட்டையாக இருப்பதே நல்லது. இறக்கத்தில் முன்னே பார்க்கத் தலையை நிமிர்த்தும்போது ஹெல்மெட்டின் பின் விளிம்பு கழுத்தடிக்கு இறங்கி வரும், அந்த இடம் காலியாக இருந்தாக வேண்டும். ஒரே அளவில் வரும் பைகள் குட்டை முதுகுக்காரர்களுக்குப் பெரும்பாலும் நீளமாகத்தான் அமையும்.

கடைக்குப் போகும்போது உங்கள் ஹெல்மெட்டையும் இரண்டு கிலோ அரிசிப் பாக்கெட்டையும் எடுத்துப் போங்கள். கடையில் பிளாடருக்குள், அதாவது பைக்குள் தண்ணீரைப் பிடிக்கும் உறைக்குள், தண்ணீர் ஊற்ற விடமாட்டார்கள். அரிசியும் தண்ணீரைப் போலவே அடியில் சரிந்து உட்காரும் என்பதால் சோதனைக்கு அது போதும். பாக்கெட்டை பிளாடர் அறையில் வைத்துப் பையை மாட்டி, கவுன்டரில் இரண்டு கைகளையும் ஊன்றி, முதுகு படுக்கும் அளவுக்குக் குனியுங்கள். பத்து மீட்டர் தள்ளி இருப்பதைப் பார்ப்பது போலத் தலையை நிமிர்த்துங்கள். ஹெல்மெட் பையில் படக்கூடாது. அப்படியே இடமும் வலமும் உடம்பை வெட்டி ஆட்டுங்கள். பை உங்களோடு திரும்பி உங்களோடு நிற்க வேண்டும். நீங்கள் நின்ற பிறகும் அது ஒரு தரம் ஆடினால் அந்தப் பை வேண்டாம்.

மாட்டுவதற்கும் ஒரு வரிசை உண்டு. எல்லா வார்களையும் தளர்த்திவிட்டு முதலில் இடுப்பு வாரை இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் இறுக்குங்கள். தொப்பையின் மேல் இறுக்கினால் ஏற்றத்தில் மூச்சு முட்டும். அடுத்தது தோள் வார்கள். அவற்றின் வேலை பையை முதுகோடு ஒட்ட வைப்பது, சுமையைத் தூக்குவது அல்ல. மாட்டிய பிறகு தோளுக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். கடைசியில் மார்பு வார்: காறை எலும்புக்கு நான்கு விரல் கீழே வைத்து, நெஞ்சு நிறைய மூச்சிழுத்துப் பாருங்கள், தடுத்தால் தளர்த்துங்கள். மார்பு வார் மேலும் கீழும் நகரும்படி இல்லாத பையை வாங்கவே வேண்டாம். பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். வார் மார்புக்கு மேலே நிற்கும் அளவுக்கு நகர வேண்டும், தோள் வார்களும் நேராக இறங்காமல் வளைந்து இறங்க வேண்டும்.

ஒரு மணி நேரம் ஓட்டியதும் விரல்கள் மரத்துப்போனால் எல்லோரும் ஹேண்டில்பார் கிரிப்பைத்தான் சந்தேகிப்பார்கள். தோள் வார்கள் அகலமாக விலகி அக்குள் பக்கம் அழுத்தினாலும் அதே மரப்பு வரும், அங்கேதான் கைக்குப் போகும் நரம்புகள் ஓடுகின்றன. மார்பு வாரைக் கொஞ்சம் இறுக்கி, தோள் வார்களை உள்பக்கம் இழுத்தால் பெரும்பாலும் தீரும்.

முதுகுப் பக்கம் இரண்டு விதமாக வருகிறது. ஒன்றில் வலையை வில் போல இழுத்துக் கட்டி, பை முதுகில் படாமல் விலகி நிற்கும். காற்றோட்டம் அருமை, ஆனால் சுமை பின்னால் தள்ளிப் போவதால் கல் மேட்டில் குதித்து இறங்கும்போது பை தனியாக ஆடும். இன்னொன்றில் கெட்டியான ஃபோம் மெத்தை, நடுவே காற்றுப் போகப் பள்ளம். வேர்க்கும், ஆனால் அசையாது. நீலகிரிக்கு இரண்டாவதுதான் என் தேர்வு. இங்கே வேர்வையை விடப் பெரிய தொல்லை, ஏறி முடித்து மேகத்துக்குள் இறங்கும்போது நனைந்த முதுகில் அடிக்கும் குளிர். ஃபோம் அந்தக் காற்றைத் தடுக்கும்.

இனி பிளாடர். உண்மையில் பையை விட இதில்தான் அதிகம் பார்க்க வேண்டும். முதலாவது, நடுவில் மேலிருந்து கீழாக ஒரு ஒட்டுத் தையல் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத பிளாடர் நிரம்பியதும் பீப்பாய் போல உருண்டு, ஃபோமைத் தாண்டி முதுகெலும்பில் முட்டும். 'பை குத்துகிறது' என்பவர்களில் பலருக்கும் குத்துவது பை அல்ல, இந்த உருண்டைதான். இரண்டாவது, பிளாடரை மேலே மாட்டித் தொங்கவிடக் கொக்கி வேண்டும். தொங்காவிட்டால் தண்ணீர் குறையக் குறைய அது மடிந்து அடியில் உட்காரும், ட்யூப் முளைக்கும் இடம் நசுங்கி, பாதி தண்ணீர் இருக்கும்போதே வராமல் நின்றுபோகும். மூன்றாவது, வாய். கை நுழையும் அளவுக்கு மேல் முழுக்கத் திறந்து, மடித்து, க்ளிப் செருகும் வகை கழுவுவதற்கு எளிது. திருகு மூடி வகையில் மரை கோணலாக ஏறினாலோ ரப்பர் வளையத்தில் ஒரு மணல் துகள் இருந்தாலோ கசியும். மூடியதும் பிளாடரைத் தலைகீழாகப் பிடித்து லேசாக அழுத்திப் பார்த்துவிட்டே பைக்குள் வையுங்கள்.

நிரப்பிய பிறகு காற்றை எடுக்க வேண்டும். இதைப் பலர் செய்வதில்லை. பிளாடரைத் தலைகீழாகப் பிடித்தால் காற்று ட்யூப் இருக்கும் பக்கம் ஏறி வரும். அப்போது ட்யூப் நுனியில் கடித்துக் குடிக்கும் வால்வைக் கடித்து உறிஞ்சி, தண்ணீர் வாய்க்கு வரும் வரை இழுத்துவிடுங்கள். காற்று போனால் தண்ணீர் தளும்பாது, 'களக் களக்' சத்தமும் நின்றுவிடும். மலையில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 325 மீட்டர் உயரம், உதகை 2,240 மீட்டர். கீழே நிரப்பி காரில் சைக்கிளோடு மேலே கொண்டுபோனால், உள்ளே மாட்டிய காற்று ஏறத்தாழ கால் பங்கு விரியும். அது தண்ணீரைத் தள்ளி, கடிக்கும் வால்வு வழியாக சீட்டை நனைக்கும். பிளாடரில் ஓட்டை என்று நினைத்துக் கடைக்குத் திருப்பிக் கொடுக்கப் போகாதீர்கள். காற்றை எடுத்துவிட்டு, வால்வின் அடைப்புத் திருகையும் மூடி வையுங்கள். திருகு இல்லாத வால்வை வாங்காதீர்கள்.

ட்யூப் தோள் வார் வழியாக வந்து, வாய்க்கு எட்டிய பிறகு ஒரு கையகலம் மிஞ்சினால் போதும். அதற்கு மேல் தொங்குவது உண்ணிச்செடியிலும் சீகைக் கிளையிலும் மாட்டும். மிச்சத்தைக் கூர்மையான கத்தியால் நேராக வெட்டிவிட்டு வால்வை மறுபடி செருகலாம். முதலில் இரண்டு செ.மீ. மட்டும் வெட்டிப் பாருங்கள், ஒட்டுப்போட முடியாது. மார்பு வாரில் காந்தக் கிளிப் இருந்தால் பார்க்காமலே ட்யூபைத் திரும்ப வைக்கலாம். இந்தப் பையே ஓட்டத்தை நிறுத்தாமல் குடிப்பதற்காகப் பிறந்ததுதான்: 1980-களின் இறுதியில் டெக்சாஸில் ஒரு வெயில்கால சைக்கிள் பந்தயத்துக்காக மைக்கேல் ஐட்சன் என்ற மருத்துவ உதவியாளர், ட்ரிப்ஸ் ஏற்றும் பையைக் காலுறைக்குள் போட்டு முதுகில் பொருத்தி, ட்யூபைத் தோள் வழியாக இழுத்துக்கொண்டு ஓட்டினார். இத்தகைய பைகளைச் செய்யும் கேமல்பேக் நிறுவனம் அங்கிருந்து வந்தது.

இப்போது லிட்டர். மிதமான குளிரில் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் என்று கணக்கு வைத்தால், மூன்று மணி நேரத்துக்கு இரண்டு லிட்டர் பிளாடர் போதும். நாலு மணி நேரம் என்றால் வழியில் ஒரு இடத்தில் நிரப்பிக்கொள்ளலாம். மூன்று லிட்டர் வாங்கி எப்போதும் நிறைத்துக்கொண்டு போவதுதான் தோள்வலிக்கு நேர் வழி. ஆனால் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை இறங்கும் நாளில் கணக்கு மாறும். ஆயிரம் மீட்டர் இறங்கினால் ஆறு, ஏழு டிகிரி வெப்பம் ஏறும் என்பதால், கீழே போய்ச் சேரும்போது ஒன்பது, பத்து டிகிரி கூடியிருக்கும். மேலே குளிரில் தாகமே தெரியாது, அதனால் பலர் குடிக்காமலே இறங்கி, அடிவாரத்தில் தலைவலியோடு நிற்பார்கள். கால் மணிக்கு ஒருமுறை இரண்டு மடக்கு, தாகம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும்.

நீலகிரியில் சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால், வழியில் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பிக் கிளம்பாதீர்கள். வாட்டர் ஏ.டி.எம். எங்கே இருக்கிறது என்று முன்பே பார்த்து வையுங்கள், டீக்கடையில் கேட்டாலும் காய்ச்சிய தண்ணீர் கிடைக்கும், ஆறவைத்து ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிளாடரின் ஒட்டு விட்டுவிடும். தோட்டத்து ஓடையிலும் கேரட், உருளைக்கிழங்கு வயல்களுக்குக் கீழே வரும் ஊற்றிலும் நிரப்பவே நிரப்பாதீர்கள். கையடக்க ஃபில்டர் கிருமியைப் பிடிக்கும், நீரில் கரைந்த பூச்சிமருந்தைப் பிடிக்காது.

பை எட்டிலிருந்து பத்து லிட்டர் கொள்ளளவு இருந்தால் போதும். டயருக்கு ஒரு மாற்று ட்யூப், இரண்டு டயர் லீவர், பஞ்சர் ஒட்டு, சின்ன பம்ப், மல்டி டூல், ஒரு செயின் இணைப்பு, மழைக்கோட்டு, முதலுதவி, கொஞ்சம் கடலைமிட்டாய். கனமானவற்றை அடியில், முதுகை ஒட்டி வையுங்கள். பம்ப்பை மட்டும் முதுகெலும்புக்கு நேராக வைக்காதீர்கள், மல்லாந்து விழுந்தால் அது எலும்பில் இறங்கும். பக்கவாட்டில் செருகுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பையோடு வரும் உறை போதாது. அது வெளிப்பக்கத்தை மட்டும் மூடும், முதுகுப் பக்கமாகத் தண்ணீர் உள்ளே வரும். போனையும் மாற்று உடையையும் சுருட்டி மூடும் நீர்புகாப் பைக்குள் போட்டு வையுங்கள்.

ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்கு இடுப்பில் கட்டும் பை போதும், தோளுக்கு முழு விடுதலை. ஒன்றரை லிட்டருக்கு மேல் போட்டால் இறக்கத்தில் அது சுற்றிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வரும். ஃப்ரேமில் பாட்டில் வைப்பதும் நல்லதுதான், ஆனால் சேற்றிலும் சாணத்திலும் முன் சக்கரம் வாரி அடிப்பது நேரே பாட்டில் வாயில்தான் படும்.

கடைசியாகக் கழுவுவது. பிளாடரில் வெறும் தண்ணீர் மட்டுமே. எலுமிச்சையும் குளுக்கோஸும் சின்ன பாட்டிலில் தனியாக. இனிப்பு ஊற்றிய பிளாடர் இரண்டே நாளில் ட்யூபுக்குள் கறுப்புப் புள்ளி பிடிக்கும். பிடித்துவிட்டால் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி ஆப்ப சோடா கலந்து அரை மணி நேரம் ஊறவிட்டு, வால்வைக் கடித்து ட்யூபுக்குள்ளும் வரவழைத்து, நீளமான பிரஷால் தேய்த்து அலசுங்கள். வால்வைக் கழற்றி அதன் வெட்டுக்குள்ளும் விரலால் தேய்க்க வேண்டும், வழவழப்பு அங்கேதான் தங்கும். மேலே மூடுபனிக் காலத்தில் பிளாடர் மூன்று நாளானாலும் காயாது. உள்ளே ஒரு மரக்கரண்டியைக் குறுக்கே வைத்து இரண்டு சுவரும் ஒட்டாமல் தொங்கவிடுங்கள். அதற்கும் காயாவிட்டால், தண்ணீரை முழுக்க உதறிவிட்டு, பிளாடரையும் ட்யூபையும் ஒரு உறைக்குள் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். அடுத்த சனிக்கிழமை காலை எடுத்து, ஐந்து நிமிடம் வெளியே வைத்து இளகிய பிறகு நிரப்புங்கள். விறைத்தபடியே மடக்கினால் ஒட்டுத் தையலில் விரிசல் விடும்.