‘புருஷன் தலை’ என்றால் கேள்வியே கேட்கக் கூடாதா?

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. என் ஏடிஎம் கார்டு கணவரிடம்தான் இருக்கிறது. போன மாதம் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் என் நகையை அடகு வைத்துத் தன் தம்பிக்குப் பணம் கொடுத்துவிட்டார். கேட்டால், “புருஷன் மனைவிக்குத் தலைன்னு வேதத்துலயே இருக்கு” என்கிறார். எதிர்த்துக் கேட்பது பாவமா? - வாசகி, நாகர்கோவில்

பதில்: பாவமில்லை, சகோதரி. அவர் சொல்வது, எபேசு சபைக்கு அப்போஸ்தலர் பவுல் எழுதியதாகப் பைபிளில் உள்ள கடிதத்தின் ஒரு வசனம்: எபேசியர் 5:23. அதற்கு இரண்டு வசனம் முன்னால், ‘ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்’ என்றுதான் பவுல் ஆரம்பிக்கிறார். மிகப் பழைய கிரேக்கப் பிரதிகள் சிலவற்றில் 22-ஆம் வசனத்தில் ‘கீழ்ப்படியுங்கள்’ என்ற சொல்லே கிடையாது. 21-ஆம் வசனத்தில் உள்ள சொல்லே அங்கேயும் தொடர்கிறது.

மனைவிக்கான புத்தியை மனைவியிடமே சொல்கிறார் பவுல். ‘அவளைக் கீழ்ப்படிய வை’ என்று கணவனுக்கு இந்தப் பகுதியில் கட்டளை இல்லை. அவனுக்கு 25-ஆம் வசனம்: கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல அன்புகூர வேண்டும். அந்தத் தலை கொடுத்தது தன் உயிரை. அடுத்தவர் நகையை அல்ல.

சபைகள் ஒரே குரலில் பேசுவதில்லை என்பதும் உண்மை. கீழ்ப்படிதல் இருபக்கமும் உரியது என்று போப் இரண்டாம் ஜான் பால் 1988-இல் எழுதினார். அமெரிக்காவின் தெற்கு பாப்டிஸ்ட் சபை 1998-இல் கணவனே குடும்பத்தை நடத்துபவன் என்று அறிக்கையிட்டது; அங்கேயும் அது ஊழியனைப் போலப் பணிசெய்யும் தலைமைதான்.

சாராள் தன் கணவர் ஆபிரகாமை ‘ஆண்டவன்’ என்று அழைத்ததை (1 பேதுரு 3:6) பிரசங்கத்தில் அடிக்கடி கேட்கிறோம். ‘சாராள் சொல்வதைக் கேள்’ என்று தேவனே ஆபிரகாமிடம் சொன்ன ஆதியாகமம் 21:12 ஏனோ அவ்வளவாகக் காதில் விழுவதில்லை!

ஒரு நாள் இரவு ஜெபத்துக்குப் பிறகு எபேசியர் 5:21-33-ஐ இருவரும் வாசியுங்கள். அவரவருக்குச் சொன்னதை அவரவர் மட்டும் வாசிக்க வேண்டும். அதற்குப் பிறகு கணக்கைப் பேசுங்கள்: நகையை எப்போது மீட்பது, வட்டியை யார் கட்டுவது, கார்டு யாரிடம் இருப்பது. ஒரு தொகைக்கு மேல் போனால் இருவர் சம்மதமும் வேண்டும் என்று எழுதியே வைத்துக்கொள்ளலாம். பேச்சு நகராவிட்டால் இருவரையும் உட்கார வைத்துக் கேட்கும் போதகரிடம் போங்கள். கொழுந்தனாரையோ மாமியாரையோ அங்கே அழைத்துப் போக வேண்டாம்.

அடி, மிரட்டல் என்று போனால் ஜெபக்குறிப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். பெண்கள் உதவி எண் 181-ஐ அன்றைக்கே அழையுங்கள்.