சாவடியில் கூடும் சிந்தனை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் சிற்றூரில் உழவர்களும் கூலி வேலை செய்பவர்களுமாகச் சிலர் வாரம் ஒருமுறை மாலையில் சாவடியில் கூடி, வள்ளலாரின் அருட்பெருஞ்ஜோதி அகவலைப் பாராயணம் செய்கிறோம். பிறகு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் உரையாற்றுவார்; கேட்டுவிட்டு வீடு திரும்புவோம். இதைக் கூட்டுச் சிந்தனை என்று சொல்லலாமா? படிப்புக் குறைந்த எங்களால் ஆன்ம விசாரம் செய்ய இயலுமா?
— வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: பகலெல்லாம் உழைத்த உடலோடு வாரந்தோறும் ஒன்றுகூடுகிறீர்களே, அதற்கு முதலில் என் வணக்கம். பாராயணத்துக்கு என்று ஒரு பயன் உண்டு. பல குரல்கள் ஒன்றாகச் சேரும்போது மனம் தானாக அடங்குவதை நீங்களே உணர்ந்திருப்பீர்கள். ஆயினும் அகவல் 1596 அடிகளைக் கொண்டது. அத்தனையையும் ஒரே அமர்வில் ஓதி முடிக்கும்போது நாக்கு ஓடும் வேகத்துக்கு நெஞ்சு ஈடுகொடுப்பதில்லை. முழுப் பாராயணத்தை மாதப் பூசத்துக்கு வைத்துக்கொண்டு, மற்ற வாரங்களில் பத்து அடிகளை மட்டும் நிதானமாகப் படியுங்கள். படித்தபின் சிறிது நேரம் எவரும் பேசாமல் அமர்ந்திருந்து, அதன்பிறகு ஒவ்வொருவரும் தமக்குப் பட்டதைச் சொல்லட்டும். ஆசிரியர் ஐயாவை இறுதியில் பேசும்படி மரியாதையோடு கேட்டுக்கொள்ளுங்கள். அறிந்தவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் வாய் திறப்பதில்லை என்பதை அவரே ஒப்புக்கொள்வார்.

படிப்பைப் பற்றிய தயக்கம் வேண்டியதில்லை. 1873 அக்டோபர் 22 அன்று சன்மார்க்கக் கொடியை உயர்த்தி வள்ளலார் பேருபதேசம் செய்த இடம் மேட்டுக்குப்பம் என்னும் சிற்றூர். அங்கே அவர் கூடியிருந்தோரிடம் அழுத்திச் சொன்னது, காலத்தை வீணாக்காமல் நல்ல விசாரணையில் இருங்கள் என்பதைத்தான். இந்திரிய ஒழுக்கம், கரண ஒழுக்கம், சீவ ஒழுக்கம், ஆன்ம ஒழுக்கம் என்று அவர் வகுத்த நான்கில் எதற்கும் ஏட்டுக் கல்வி நுழைவாயில் அன்று. வாடிய பயிரைக் கண்டு தாமும் வாடியதாக அவர் பாடினாரே, அந்தப் பாடலின் பொருளை, மழை பொய்த்த ஆண்டில் தம் வயலின் வரப்பில் நின்று பார்த்த ஓர் உழவர் சொல்லும்போது, எந்த உரையாசிரியரும் தர முடியாத விளக்கம் ஒன்று கிடைக்கும். உங்கள் சாவடியில் இதுவரை கேட்கப்படாமல் இருப்பது அந்தக் குரல்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1865இல் சன்மார்க்க சங்கம், 1867 மே 23 அன்று வடலூரில் பசித்தோருக்கு உணவளிக்கும் தருமசாலை, 1872 தைப்பூசத்தில் வழிபாட்டிடமான ஞானசபையின் முதல் வழிபாடு என்ற வரிசையில் வள்ளலாரின் பணிகள் அமைந்தன. சபைக்கு ஏறக்குறைய ஐந்தாண்டுகளுக்கு முன்பே அடுப்பு மூட்டப்பட்டுவிட்டது. பார்வதிபுரத்து மக்கள் மனமுவந்து அளித்த நிலத்தில் எழுந்த அந்தச் சாலையின் அடுப்பு இன்றும் அணையாமல் இருக்கிறது. பசித்தவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பரம்பொருளைப் பற்றிப் பேச அவருக்கு மனம் ஒப்பவில்லை என்றே இந்த வரிசையை நான் புரிந்துகொள்கிறேன். எனவே ஒவ்வொரு கூட்டத்திலும், கலைவதற்கு முன், இந்த வாரம் ஊரில் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, யார் நோயோடு தனித்திருக்கிறார் என்ற கேள்வியையும் எழுப்புங்கள். அதற்கு விடை தேடும்போது நீங்கள் செய்வதும் ஆன்ம விசாரமே.

கேள்வி: எங்கள் ஊரில் ஆண்கள் மாலையில் கோயில் மண்டபத்தில் கூடி ஆன்மிகம் பேசுகிறார்கள். அது பெண்கள் சமைக்கும் நேரம். காலனியிலிருந்தும் எவரும் வருவதில்லை. வரக்கூடாது என்று யாரும் சொன்னதுமில்லை. இந்த நிலை சரிதானா?
— வாசகி, கடலூர் மாவட்டம்

பதில்: சரியில்லை, அம்மா. வரக்கூடாது என்று வாய்விட்டுச் சொல்லாமலே ஒருவரை விலக்கி வைக்க முடியும். நேரமும் இடமுமே அந்த வேலையைச் செய்துவிடும். ஊரில் பாதிப் பேர் வர முடியாத நேரத்தில், இன்னும் பலர் தயங்கி நிற்கும் இடத்தில் கூடி, அங்கே நடப்பதை ஊரின் சிந்தனை என்று சொல்வது பொருந்தாது. சாதி சமய வேறுபாடுகளை ஆன்மிகத்துக்குத் தடை என்று கண்டித்த வள்ளலார் வாழ்ந்த மாவட்டத்தில் இப்படி நடப்பது கூடுதலாக வருத்துகிறது.

1951 ஏப்ரல் 18 அன்று தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் காந்தியவாதி வினோபா பாவே என்ன செய்தார் என்பதை உங்கள் ஊரார் நினைத்துப் பார்க்கலாம். நிலத்துக்காக இரத்தம் சிந்திக்கொண்டிருந்த பகுதி அது. அவர் அங்கிருந்த தாழ்த்தப்பட்ட மக்களின் குடியிருப்புக்குத் தாமே நடந்து சென்று, அவர்களுக்கு என்ன தேவை என்று கேட்டார். 80 ஏக்கர் நிலம் இருந்தால் பிழைத்துக்கொள்வோம் என்றார்கள். அந்தத் தேவையை அவர் ஊரார் முன் வைத்தபோது, கூட்டத்தில் இருந்த இராமச்சந்திர ரெட்டி 100 ஏக்கர் தருவதாக எழுந்து சொன்னார். நிலமற்றவர்களுக்கு நிலத்தைத் தானமாகத் திரட்டும் பூதான இயக்கம் அங்கே பிறந்தது. பின்னாளில் தானமாகக் கிடைத்த நிலத்தில் கணிசமான பகுதி ஏழைகளுக்குப் போய்ச் சேரவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தேவை உள்ளவர்கள் இருக்கும் இடத்துக்கு முதலில் போனதால்தான் அன்று ஒருவரின் நெஞ்சு திறந்தது. உங்கள் ஊரிலும் ஒரு வாரம் மண்டபத்தில், மறுவாரம் காலனியில், அடுத்த வாரம் பெண்கள் கூடும் இடத்தில் அவர்களுக்கு வசதியான நேரத்தில் என்று கூட்டம் இடம் மாறட்டும். இதை ஆண்கள் மறுத்தால் நீங்கள் நான்கு பெண்கள் சேர்ந்து தனியே தொடங்கிவிடுங்கள். அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: கிராமத்து எளிய வாழ்வே மனிதரை ஆன்மிகத்துக்கு இட்டுச் செல்லும் என்கிறார்களே?
— வாசகர், சென்னை

பதில்: தானாக இட்டுச் செல்லாது. வேறு வழியின்றி வந்த வறுமையை எளிமை என்று புகழ்வது அங்கு வாழ்பவர்களுக்கு நாம் செய்யும் அநீதி. அமைதியும் அவகாசமும் கிராமத்தில் சற்று எளிதாகக் கிடைக்கலாம்; வட்டிக் கடனில் உழல்பவருக்கு அதுவும் கிடைப்பதில்லை.

கேள்வி: எங்கள் குழுவில் கருத்து வேறுபாடு வந்தால் சிலர் கோபித்துக்கொண்டு எழுந்து போகிறார்கள். முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னால் கேலி செய்கிறார்கள். என்ன செய்வது?
— வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: கேலியை முதலில் நிறுத்துங்கள், கோபம் பின்னர் தானே குறையும். கருத்தை மாற்றிக்கொண்டால் மானம் போய்விடும் என்ற அச்சம் இருக்கும் இடத்தில் ஒவ்வொருவரும் பழைய சொல்லையே கட்டிக்கொண்டு நிற்பார்கள். வள்ளலார் தம் பேருபதேசத்தில், தமக்கு முன்பு சைவ சமயத்தில் எவ்வளவு பற்று இருந்தது என்பதைத் தாம் பாடிய பாடல்களையே சான்றாகக் காட்டிச் சொல்லி, அப்போது தம் அறிவு அந்த அளவில் இருந்தது என்று தம்மைப் பின்பற்றியவர்கள் முன்னிலையிலேயே வெளிப்படையாக அறிவித்தார். ஆயிரக்கணக்கான பாடல்களைப் பாடியவரே அப்படிப் பேசியிருக்கும்போது, நாம் போன வாரம் சொன்ன ஒரு சொல்லை இந்த வாரம் திருத்திக்கொள்வதில் இழிவு என்ன இருக்கிறது? எழுந்து போனவரின் வீட்டுக்கு மறுநாளே ஒருவர் சென்று, அவர் பாதியில் நிறுத்திய கருத்தை முழுவதுமாகச் சொல்லும்படி கேட்கட்டும். அடுத்த கூட்டம் அந்தக் கருத்திலிருந்தே தொடங்கட்டும்.