பேனாவுக்குப் பிணைப்பணம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்திய விடுதலைப் போராட்ட கால எழுத்தாளர்கள் பற்றித் திருகோணமலை வாசகர்கள் கேட்டவற்றுள் சில இங்கே. பல காலம் வரலாறு படிப்பித்தவன் என்பதால் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

உவர்மலை மாணவி: சேர், வ.உ.சி. சிறையில் செக்கிழுத்தார். பாரதி புதுச்சேரிக்குத் தப்பிவிட்டார். அது கோழைத்தனம் இல்லையா?

பிள்ளை, இதைக் கேட்காத வகுப்பே நான் கண்டதில்லை. 1908ஆம் ஆண்டுக்குப் போவோம். ‘இந்தியா’ வார இதழில் அனல் பறக்க எழுதியவர் பாரதி. ஆனால் சட்டப்படி ஆசிரியராகப் பதிவாகியிருந்தவர் எம். சீனிவாசன். பொலிஸ் அவரைத்தான் பிடித்தது, ஐந்தாண்டுச் சிறை. அடுத்து யார் வீட்டுக் கதவு தட்டப்படும் என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. பாரதி பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் போனார். போய்ச் சும்மா இருக்கவில்லை, அதே இதழை அங்கிருந்து வெளியிட்டார். பிரித்தானிய இந்தியாவுக்குள் அது வராமல் அரசு தடுத்ததால் 1910இல் நின்றுபோயிற்று. 1918இல் அவர் எல்லை தாண்டித் திரும்பியபோது கடலூரில் கைது செய்தார்கள். கோழை என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஐந்தாண்டுத் தண்டனை பெற்ற சீனிவாசனை நாம் அடியோடு மறந்துவிட்டோமே, அதுதான் உறுத்துகிறது.

மூதூர் வாசகர்: எழுத்தை அரசு எப்படி அடக்கியது?

பெரும்பாலும் காசால். 1910ஆம் ஆண்டு அச்சகச் சட்டப்படி அச்சுக்கூடக்காரரிடம் பிணைப்பணம் கேட்கலாம், பிடிக்காததை அச்சிட்டால் அந்தப் பணத்தைப் பறிமுதல் செய்யலாம். கவிஞன் சிறைக்கு அஞ்சாதவனாக இருக்கலாம். அச்சுக்கூடக்காரருக்குப் பிள்ளை குட்டி இருக்குமே! 1878இல் இந்திய மொழி இதழ்களை மட்டும் நெரிக்கும் சட்டம் வந்தபோது, வங்காளத்தின் ‘அமிர்த பஜார் பத்திரிகா’ உடனே முழு ஆங்கில இதழாக மாறிக்கொண்டது. அந்தக் குறும்பை இன்றும் ரசிக்கிறேன்.

கிண்ணியா ஆசிரியை: தாகூர் பட்டத்தைத் துறந்தது வெறும் சடங்குதானே?

அப்படித் தோன்றலாம். ஆனால் 1919 ஏப்ரலில் ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்த பஞ்சாபில் இராணுவச் சட்டம், கடும் செய்தித் தணிக்கை. தலைவர்களே தயங்கிய நேரத்தில், மே மாத இறுதியில் அவர் வைஸ்ராய்க்குக் கடிதம் எழுதி ‘சேர்’ பட்டம் வேண்டாம் என்றார். வாய் திறக்க முடியாதவர்களுக்காகப் பேசிய கடிதம் அது. சடங்கு என்று நான் சொல்லமாட்டேன்.

நிலாவெளி இளைஞர்: பாட்டுப் பாடி வெள்ளைக்காரனை விரட்ட முடியுமா, ஐயா?

தம்பி, அந்தச் சந்தேகம் வெள்ளைக்காரனுக்கு இருக்கவில்லை. பாரதி மறைந்து ஏழு ஆண்டுகளுக்குப் பின், 1928இல், அவருடைய பாடல் நூல்களைப் பறிமுதல் செய்தார்கள். சென்னைச் சட்டசபையில் சத்தியமூர்த்தி அதை எதிர்த்து வாதாடினார். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு யாத்திரை புறப்பட்டபோது, தொண்டர்கள் நாமக்கல் கவிஞரின் பாட்டைப் பாடிக்கொண்டே நடந்தார்கள். வாசிக்கத் தெரியாதவனுக்கும் பாட்டு போய்ச் சேரும். மனப்பாடமாகிவிட்டதை எந்தப் பொலிஸ் பறிமுதல் செய்யும்?

தம்பலகாமம் வாசகர்: இதில் நம் ஊருக்குத் தொடர்பு உண்டா?

உண்டு. நம் இந்துக் கல்லூரியில் பணியாற்றிய சுவாமி விபுலாநந்தர், பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியரானார். பாரதியைக் கவிஞராக ஏற்கப் பல பண்டிதர்கள் முகம் சுளித்த காலம். அவரோ அங்கே பாரதி பாடல்களைத் துணிந்து பரப்பினார். இந்துக் கல்லூரி வழியாகப் போகும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.